மூலக்கூறுகள் இடும் புள்ளிக்கோலம்

ஒரு பொருளின் மேற்பரப்பில் நுண்ணிய புள்ளிகளையோ கோடுகளையோ ஒழுங்காக அமைப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. வேண்டாத பகுதிகளை அரித்து நீக்கி, வேண்டிய உருவத்தைச் செதுக்கி எடுப்பது ஒன்று. சிறிய உறுப்புகள் தாமே ஒன்றுகூடி அவ்வுருவத்தை அடையுமாறு செய்வது மற்றொன்று. சிற்பி கல்லில் சிலை வடிப்பதை முன்னதற்கும், உப்பளத்துப் பாத்தியில் உப்பு படிகமாவதைப் பின்னதற்கும் உதாரணமாகக் கொள்ளலாம். எலெக்ட்ரானிக் சாதனத் தொழில் பெரும்பாலும் முதல் வழியிலேயே வளர்ந்தது. இரண்டாம் வழியைப் பற்றியும், அதில் திருவனந்தபுரத்து ஆராய்ச்சியாளர்களுக்கு உள்ள பங்கைப் பற்றியும் இக்கட்டுரை கூறுகிறது.

முதலில் அளவைப் பற்றிய தெளிவு வேண்டும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு செய்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர் ஆகும். மனிதனின் தலைமயிர் சுமார் 80,000 நானோமீட்டர் கனமுடையது. இங்கு பேசப்படும் புள்ளிகளோ 5 முதல் 100 நானோமீட்டர் வரை உள்ளவை. ஐந்து நானோமீட்டர் குறுக்களவுள்ள ஒரு பொன் துகளில் ஏறத்தாழ 4,000 அணுக்களே அடங்கும்.

இத்தகைய அளவில் செதுக்குவது எளிதன்று. சிலிகன் தகட்டின்மீது ஒளியைக்கொண்டு உருவம் பதிக்கும் அச்சுமுறையில், உருவம் சிறுக்கச் சிறுக்க ஒளியின் அலைநீளமும் குறைய வேண்டும். 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளி நெடுங்காலம் பயன்பட்டது. இப்போது மிக நுண்ணிய சில்லுகளுக்கு 13.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி பயன்படுகிறது. இவ்வொளியைக்கொண்டு அச்சிடும் இயந்திரம் ஒன்றின் விலையே ஆயிரம் கோடி ரூபாயைக் கடந்துவிடும். எலெக்ட்ரான் கற்றையைப் பேனா முனைபோல் நகர்த்தி வரையும் முறையும் உண்டு. அது நுட்பமானது, ஆனால் ஒவ்வொரு புள்ளியாக இடவேண்டியது. ஒரு சதுர சென்டிமீட்டரில் 20,000 கோடிப் புள்ளிகள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்குப் பத்து லட்சம் புள்ளிகள் வீதம் இடைவிடாது இட்டாலும் பணி முடிய இரண்டு நாட்களுக்குமேல் ஆகும். ஒரு கல்லூரி ஆய்வுக்கூடமோ நடுத்தர ஆராய்ச்சி நிலையமோ இந்த வழிகளில் தொழிற்சாலைகளுடன் போட்டியிட இயலாது. புள்ளிகள் தாமே வந்து அமரும் வழி ஒன்று உண்டா என்ற கேள்விக்கு இங்கேதான் மதிப்பு ஏற்படுகிறது.

பாலிமர் என்பது ஒரே வகையான சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலி. கேரளத்தில் ரப்பர் மரத்தைக் கீறி எடுக்கும் பாலில் உள்ளது இயற்கை தந்த பாலிமர். பொட்டலம் கட்டப் பயன்படும் தெர்மோகோல், பாலிஸ்டைரீன் என்ற செயற்கைப் பாலிமரின் நுரை. இரு வேறு பாலிமர்களை ஒன்றாக உருக்கிக் கலந்தால் அவை பெரும்பாலும் கலப்பதில்லை. எண்ணெயும் நீரும்போல் பிரிந்து நின்றுவிடும். ஒரு பாலிமர்ச் சங்கிலியின் முனையில் வேறொரு பாலிமர்ச் சங்கிலியை ரசாயனப் பிணைப்பால் இணைத்துவிட்டால் என்ன நேரும்? இரண்டும் விலக விரும்பும். ஆனால் விலக இயலாது. ஒரே நுகத்தில் பூட்டப்பெற்று, ஒன்று வடக்கிலும் மற்றொன்று தெற்கிலும் இழுக்கும் மாடுகளின் நிலையே அவற்றின் நிலை. சங்கிலியின் நீளத்துக்கு மேல் அவை பிரிய வழியில்லை. ஆகவே ஒவ்வொரு வகையும் தன் இனத்துடன் சிறுசிறு கூட்டமாகச் சேர்ந்து, மற்றதுடன் எல்லையைப் பகிர்ந்துகொள்கிறது. இவ்வாறு இணைத்த பாலிமர்களுக்கு பிளாக் கோபாலிமர் என்று பெயர்.

இவை ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் உரியவை என்று கருதவேண்டாம். 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மைக்கேல் ஷ்வார்க் என்பவரும் அவருடைய உடனாய்வாளர்களும், சங்கிலியின் வளரும் முனை அணையாமல் இருக்கும்படி செய்யும் முறையைக் கண்டறிந்தனர். முனை உயிருடன் இருப்பதால், முதல் பொருள் தீர்ந்தவுடன் இரண்டாம் பொருளைச் சேர்த்து அதே சங்கிலியை நீட்டிக்கொண்டு போகலாம். ஒன்பது ஆண்டுகளுக்குள், அதாவது 1965இல், இம்முறையின் அடிப்படையில் தயாரான ரப்பர் கடைக்கு வந்துவிட்டது. இன்று பல காலணிகளின் அடித்தோலிலும், சாலைத் தாரின் வலிமையைக் கூட்டச் சேர்க்கும் பொருளிலும் இவ்வகைப் பாலிமரே இருக்கிறது. மிருதுவான ரப்பர்ப் பகுதிக்குள் பாலிஸ்டைரீன் முனைகள் நானோமீட்டர் அளவுள்ள கெட்டியான முடிச்சுகளாகத் திரண்டு நின்று, ரப்பர் வழுகி ஓடாமல் தடுக்கின்றன.

கூட்டம் எந்த வடிவம் பெறும் என்பது இரு பகுதிகளின் விகிதத்தைப் பொறுத்தது. சிறுபான்மைப் பகுதி ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் அது உருண்டைகளாகத் திரளும். ஐந்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை இருந்தால் நீண்ட உருளைகளாகும். இரண்டும் ஏறத்தாழச் சரிபாதியானால் அடுக்கி வைத்த தகடுகளாகும். கூட்டங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை நிர்ணயிப்பது சங்கிலியின் நீளம். அது நேர்விகிதத்தில் வளர்வதில்லை. நீளம் இரட்டித்தால் இடைவெளி சுமார் 1.6 மடங்காகும். கோலத்தின் வரைபடம் எந்தக் காகிதத்திலும் இல்லை; சங்கிலியின் நீளத்திலும் விகிதத்திலும் அது அடங்கியிருக்கிறது. ரசாயனி குடுவையில் சங்கிலியைத் தயாரிக்கும்போதே கோலத்தின் அளவும் முடிவாகிவிடுகிறது.

வகுப்பில் இதை விளக்கும் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூலக்கூறுகள் ஒழுங்கை 'விரும்புகின்றன' என்று சொல்வது பேச்சு வழக்கு. உண்மையில் இரு வகைகளும் தொட்டுக்கொள்ளும் எல்லை குறைந்தால் ஆற்றல் குறைகிறது; சங்கிலிகள் அளவுக்கு மீறி நீட்டப்பட்டால் அவற்றின் தாறுமாறான அசைவுக்குரிய இடம் சுருங்கிவிடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே ஏற்படும் சமரசமே நாம் காணும் வடிவம்.

இனி, இந்தக் கோலத்தில் உலோகத்தை அமர்த்துவது எவ்வாறு என்று பார்ப்போம். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துப் பாலிமர் ஆராய்ச்சி நிலையத்தில் மான்ஃபிரெட் ஸ்டாம் என்பவரின் குழுவினர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை இதற்குத் தக்க உதாரணம். அவர்கள் எடுத்துக்கொண்ட சங்கிலியின் ஒரு பகுதி பாலிஸ்டைரீன். மறு பகுதி பாலிவினைல்பிரிடின். பிரிடின் வளையத்திலுள்ள நைட்ரஜன் அணுவில் பிணைப்பில் ஈடுபடாத ஓர் எலெக்ட்ரான் இணை இருப்பதால், அது பிற மூலக்கூறுகளையும் உலோகங்களையும் பற்றிக்கொள்ள வல்லது. இப்பாலிமருடன் ஒரு சிறிய சாய மூலக்கூறும் கரைசலில் சேர்க்கப்படுகிறது. அது ஹைட்ரஜன் பிணைப்பினால் பிரிடின் பகுதியில் தங்கி, அப்பகுதியைப் பருக்கச் செய்கிறது. கரைசலைச் சிலிகன் தகட்டின்மீது மெல்லிய படலமாகப் பூசினால், பாலிஸ்டைரீனின் நடுவே பிரிடின் உருளைகள் தேன்கூட்டு அறைகளைப்போல் ஆறுபக்க வரிசையில் அமைகின்றன.

உருளைகள் நிமிர்ந்து நிற்க வேண்டுமா, படுத்திருக்க வேண்டுமா என்பதைத் தீர்மானிக்கும் உபாயம் வியப்பானது. படலத்தை ஒரு மூடிய பாத்திரத்தில் கரைப்பானின் ஆவியில் சிறிது நேரம் வைத்தால், படலம் உப்பி, சங்கிலிகள் அசையும் சுதந்திரம் பெறுகின்றன. ஒரு கரைப்பானின் ஆவியில் உருளைகள் செங்குத்தாக நிற்கின்றன. வேறொரு கரைப்பானின் ஆவியில் அதே உருளைகள் தகட்டோடு படுத்துவிடுகின்றன. மீண்டும் மாற்றவும் முடிகிறது. அதன்பின் படலத்தை மெத்தனாலில் கழுவினால் சாய மூலக்கூறுகள் மட்டும் கரைந்து வெளியேறி, ஒவ்வோர் உருளையின் இடத்திலும் சுமார் 8 நானோமீட்டர் அகலமுள்ள துளை எஞ்சுகிறது. துளைக்கும் துளைக்கும் இடையே 24 நானோமீட்டர். கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ 20,000 கோடித் துளைகள். உலக மக்கள்தொகையைப்போல் சுமார் இருபத்தைந்து மடங்கு. மேலே எலெக்ட்ரான் கற்றைக்கு இரண்டு நாள் வேலை என்று சொன்னது இதே எண்தான். இங்கே அத்தனை துளைகளும் ஒரே சமயத்தில் தோன்றுகின்றன.

அக்குழுவில் ஆராய்ச்சி செய்த இந்திய விஞ்ஞானி இ. போஜே கௌட், பானு நந்தன் முதலியோர் 2009ஆம் ஆண்டில் இத்தகைய படலத்தை அச்சாகக் கொண்டு பல்லேடியம் என்ற உலோகத்தின் நுண்புள்ளிகளையும் நுண்கம்பிகளையும் உண்டாக்கினர். முன்னரே தயாரித்த பல்லேடியத் துகள்கள் பரவியிருக்கும் நீர், படலத்தின்மீது பாய்ச்சப்படுகிறது. துகள்கள் பாலிஸ்டைரீனை விட்டுவிட்டு, பிரிடின் இருக்கும் இடங்களில் மட்டும் சென்று ஒட்டுகின்றன. உருளைகள் நின்றிருந்தால் புள்ளிகள், படுத்திருந்தால் கம்பிகள். பின்னர் பாலிமரை நீக்கிவிட்டால், உலோகம் மட்டும் அதே வரிசையில் தகட்டின்மேல் நிற்கும். நமது பெண்டிர் வாசலில் முதலில் புள்ளி வைத்துப் பிறகு இழை இழுப்பார்கள். இங்கே கோலத்தின் இடம் முதலில் வகுக்கப்பட்டு மாவு பிறகு வந்து சேர்கிறது. கௌட் பின்னர் திருவனந்தபுரத்துக்கு வந்து தமது பாலிமர் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

அவர் பணியாற்ற வந்த நிலையம், நகரிலிருந்து நாகர்கோயிலுக்குச் செல்லும் சாலையில் பாப்பனம்கோட்டில் அமைந்துள்ளது. விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலின் அங்கமாக 1975இல் தொடங்கி, வட்டார ஆராய்ச்சி நிலையம் என்ற பெயரில் நெடுநாள் வழங்கி, 2007 முதல் தேசியப் பல்துறை விஞ்ஞான தொழில்நுட்ப நிலையம் எனப் பெயர் பெற்றது. உலோக நுண்துகள்களைத் தாமே வரிசையில் நிற்கச் செய்யும் ஆராய்ச்சி, கௌட் வருவதற்கு முன்பே இங்கு வேறொரு கோணத்தில் நடந்திருந்தது. அதைச் சற்று விரிவாக அறிவது நல்லது.

பொன்னை நானோமீட்டர் அளவுக்குச் சிறிதாக்கினால் அதன் மஞ்சள் நிறம் மறைந்துவிடுகிறது. சிறிய உருண்டைகள் நீரில் சிவப்பாகத் தோன்றும். 1857இலேயே மைக்கேல் பாரடே இத்தகைய செந்நிறக் கரைசலைத் தயாரித்து ஆராய்ந்திருக்கிறார். உருண்டைக்குப் பதிலாகக் குச்சி வடிவில் செய்தால், ஒளியை அது இரண்டு இடங்களில் உறிஞ்சும். குறுக்குவாட்டில் எலெக்ட்ரான்கள் அசைவதால் சுமார் 520 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒன்று. நெடுக்குவாட்டில் அசைவதால் அதைவிட நீண்ட அலைநீளத்தில் மற்றொன்று. குச்சி நீண்டு மெலியுந்தோறும் இரண்டாவது உறிஞ்சல் மேலும் நீண்ட அலைநீளத்துக்கு நகரும்.

கே. ஜார்ஜ் தாமஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் 2004ஆம் ஆண்டில் இத்தகைய பொற்குச்சிகளை முனையோடு முனை சேர்த்துச் சங்கிலியாக்கிக் காட்டினர். குச்சிகளைத் தயாரிக்கும்போது அவற்றின்மீது சோப்பைப் போன்ற ஒரு பொருள் படிந்திருக்கும். பக்கங்களில் அது நெருக்கமாகவும் முனைகளில் தளர்வாகவும் உள்ளது. கந்தகம் பொன்னோடு உறுதியாகப் பிணையும் தன்மையுடையது. ஆகவே கந்தகத்தைத் தலையிலும் அமிலப் பகுதியை வாலிலும் உடைய ஒரு மூலக்கூற்றைச் சேர்த்தால், அது காவல் குறைந்த முனைகளில் போய் ஒட்டுகிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அமிலப் பகுதிகள் ஒன்றையொன்று பற்றுகின்றன. குச்சிகள் ரயில் பெட்டிகள்போல் தொடர்ந்து நிற்கின்றன. அப்போது நெடுக்கு உறிஞ்சல் குறைந்து, அதனினும் நீண்ட அலைநீளத்தில் புதியதோர் உறிஞ்சல் எழுகிறது. குச்சிகள் பக்கம் பக்கமாகச் சேர்ந்திருந்தால் மாற்றம் எதிர்த்திசையில் இருக்கும். ஆகவே எவ்விதம் சேர்ந்தன என்பதை ஒளியே சொல்லிவிடுகிறது.

அடுத்த ஆண்டே இதற்கு ஒரு பயன் கிடைத்தது. நம் உடலிலுள்ள சிஸ்டீன், குளூட்டாதயோன் ஆகிய இரண்டும் கந்தகமுள்ள பொருள்கள். இவை மிகச் சிறிய அளவில் இருந்தாலும் பொற்குச்சிகள் சங்கிலியாகின்றன. அவ்வகைக் கந்தகத் தொகுதி இல்லாத பிற அமினோ அமிலங்களால் அவ்வாறு நேர்வதில்லை என்று 2005இல் இக்குழுவினர் காட்டினர். ஒரு கரைசலின் ஒளியை அளந்து, அதிலுள்ள குறிப்பிட்ட பொருளை மற்றவற்றினின்றும் பிரித்தறியும் முறை இவ்வாறு உருவாயிற்று. ஜார்ஜ் தாமஸுக்கு 2006ஆம் ஆண்டின் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு ரசாயனத் துறையில் அளிக்கப்பட்டது.

இவ்விரு ஆராய்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு வேறுபாடு புலப்படும். பொற்குச்சிகள் எந்த முனையில் சேர வேண்டும் என்பதை அறிந்து சேருகின்றன. ஆனால் கரைசலில் மிதப்பதால் அவற்றுக்கு நிலையான இடம் இல்லை. பாலிமர்ப் படலமோ துகளுக்கு இடத்தை வகுத்துத் தருகிறது. துகள் எந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்பதை அது கவனிப்பதில்லை. இரண்டையும் ஒருங்கே பெறுவது இத்துறையில் கடினமான பணிகளுள் ஒன்று.

அதைவிடக் கடினமான பணி வேறொன்று உண்டு. நுண்பெருக்கியில் எடுத்த படங்களில் புள்ளிகள் அணிவகுப்புப்போல் அழகாகத் தோன்றும். ஆனால் படம் ஒரு மைக்ரோமீட்டர் அகலமே இருக்கலாம். தகட்டின் வேறு வேறு இடங்களில் ஒரே சமயத்தில் ஒழுங்கு தொடங்குகிறது. எந்தத் திசையில் வரிசை ஓட வேண்டும் என்று அவற்றுக்குள் உடன்பாடு இல்லை. பரவி வந்து சந்திக்கும்போது வரிசைகள் பொருந்துவதில்லை. அங்கங்கே ஒரு புள்ளி குறையும். ஓரிடத்தில் ஆறு அண்டைப் புள்ளிகளுக்குப் பதிலாக ஐந்தோ ஏழோ இருக்கும். சங்கிலிக்கு அடுத்த புள்ளி எங்கே வரவேண்டும் என்பது தெரியும். ஆயிரமாவது புள்ளி எங்கே என்பது தெரியாது.

இந்தக் குறை எவ்வளவு பெரியது என்பது பயனைப் பொறுத்தது. கணிப்பொறிச் சில்லில் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு பிழை என்றாலும் அது மிகுதி. ஆகவே அத்துறையினர் மூலக்கூறுகளைத் தம் போக்கில் விடுவதில்லை. தகட்டில் முன்னதாக அகலமான பள்ளங்களை வெட்டி, அவற்றின் சுவரை ஒட்டி வரிசைகள் ஓடச் செய்கின்றனர். அல்லது பால் நீலி முதலியோர் 2003இல் காட்டியதுபோல், தகட்டின் மேற்பரப்பிலேயே ரசாயன வேறுபாடுள்ள கோடுகளை இட்டு அவற்றின்மீது பாலிமரைப் படியச் செய்கின்றனர். அவ்வழிகாட்டிக் கோடுகளை இடுவதற்கு மீண்டும் விலையுயர்ந்த அச்சு இயந்திரமே வேண்டியிருக்கிறது என்பதை மறைப்பதற்கில்லை.

மாறாக, அண்டைப் புள்ளிகளின் இடைவெளி மட்டும் சரியாக இருந்தால் போதும் என்ற பயன்களும் உண்டு. 2004ஆம் ஆண்டில் ஜெர்மனியில் யோவாக்கிம் ஷ்பாட்ஸ் என்பவரின் குழுவினர், பிளாக் கோபாலிமர் உருண்டைகளுக்குள் பொன் உப்பை அடைத்து, பாலிமரை எரித்து நீக்கி, பொற்புள்ளிகளின் வரிசையை உண்டாக்கினர். ஒவ்வொரு புள்ளியிலும் உயிருள்ள செல் ஒன்றின் ஒரே ஒரு பற்றுப் புரதம் மட்டும் ஒட்ட இடமிருந்தது. புள்ளிகளின் இடைவெளி 58 நானோமீட்டர் வரை இருந்தபோது செல்கள் நன்கு பற்றி நின்றன. 73 நானோமீட்டரை எட்டியபோது பற்று வெகுவாகத் தளர்ந்தது. பதினைந்து நானோமீட்டர் வேறுபாட்டைச் செல் உணர்கிறது. உடலுக்குள் பொருத்தும் சாதனங்களின் மேற்பரப்பைப் பற்றிச் சிந்திப்பவர்களுக்கு இது முக்கியமான செய்தி. திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம் உருவாக்கிய இதய வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அந்த வால்வில் இத்தகைய கோலம் எதுவும் இல்லை; ஆயினும் இரத்தமும் செல்லும் அந்நியப் பரப்பை எவ்விதம் ஏற்கின்றன என்பது இந்நகரத்துக்குப் புதிய கேள்வி அன்று. இத்தகைய பரப்புகளுக்கும், முன்னர்க் கூறிய கண்டறி முறைகளுக்கும், வினையூக்கிகளுக்கும் தொலைதூர ஒழுங்கு அவசியமில்லை. பெரிய இயந்திரங்கள் இல்லாத நிலையங்கள் தம் முயற்சியை இப்பக்கம் செலுத்துவதே பொருத்தமாகும்.

ஒழுங்கு குலைவதை மாணவர்க்குக் காட்ட நுண்பெருக்கி தேவையில்லை. கேம்பிரிட்ஜில் லாரன்ஸ் பிராக்கும் ஜான் நையும் 1947இல் வெளியிட்ட சோப்புக் குமிழிப் பரிசோதனையை எந்தப் பள்ளியிலும் செய்யலாம். அகலமான தட்டில் சோப்புக் கரைசலை ஊற்றி, சிறிது கிளிசரின் சேர்க்க வேண்டும். மீன் தொட்டிக்குக் காற்றடிக்கும் சிறு பம்பின் குழாயில் முனை மழுக்கிய ஊசியைப் பொருத்தி, அதைக் கரைசலுக்குள் ஒரே ஆழத்தில் அசையாமல் பிடிக்க வேண்டும். ஆழம் மாறினால் குமிழிகளின் அளவும் மாறிவிடும். புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள ஒரே மாதிரியான குமிழிகள் மேலே வந்து, ஒன்றையொன்று ஈர்த்து, ஆறுபக்க வரிசையில் தோணிபோல் கூடும்.

சில நிமிடங்களில் தட்டு முழுவதும் நிரம்பும்போது, பல திட்டுகள் வெவ்வேறு திசையில் ஓடுவதையும், அவை சந்திக்கும் எல்லைகள் கோணலாக இருப்பதையும், நடுவே ஒரு குமிழியின் இடம் காலியாக இருப்பதையும் மாணவர்கள் காண்பார்கள். ஒரு கண்ணாடிக் குச்சியால் மெல்லக் கலக்கிவிட்டால் சிறிய திட்டுகள் மறைந்து பெரியவை வளரும். பாலிமர்ப் படலத்தைக் கரைப்பானின் ஆவியில் வைப்பது செய்யும் வேலையும் இதுவே. அதன்பின் நேரான இரண்டு கண்ணாடித் துண்டுகளைச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் கரைசலில் நிறுத்தி, அவற்றுக்கிடையே மட்டும் குமிழிகளை நிரப்பச் சொல்ல வேண்டும். சுவரை ஒட்டிய முதல் வரிசை நேராக அமையும். இரண்டாவது வரிசை முதல் வரிசையின் பள்ளங்களில் அமரும். இரு சுவர்களிலிருந்தும் வரும் வரிசைகள் நடுவில் பொருந்துகின்றனவா என்பது துண்டுகளின் இடைவெளியைப் பொறுத்தது. ஒரு துண்டைச் சிறிது சிறிதாக நகர்த்தி, பொருந்தும் இடைவெளிகளையும் பொருந்தாதவற்றையும் அளந்து குறித்துக்கொள்ளுமாறு மாணவர்களைப் பணிக்கலாம்.